தர்ட்டீனா, தர்ட்டியா? பனியன் ஊரை ஆளும் ஆங்கில எண்கள்

திருப்பூரில் பேச்சு தமிழ். ஆனால், எண்ணிக்கை ஆங்கிலம்!

ஒரு பனியன் கம்பெனிக்குள் போய் நின்று கேளுங்கள்.

"இன்றைக்கு எத்தனை டஜன் முடிந்தது?"

"40 கவுண்ட் நூல் வந்துவிட்டதா?"

"ஒன் பை ஒன் ரிப் துணி எங்கே?"

"இது செகண்ட்சில் போட வேண்டிய பீஸ்."

இப்படித்தான் பேச்சு நடக்கும். பேசுகிறவர்களில் பலர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள்.

பிறகு ஆங்கில எண்கள் எப்படி வந்தன?

காரணங்கள் மூன்று.

நூலை அளக்கும் முறை இங்கிலாந்தில் இருந்து வந்தது. அதோடு அந்த ஊர்ச் சொற்களும் வந்தன.

சரக்கு வாங்குகிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்டர் ஆங்கிலத்தில் வருகிறது.

மூன்றாவது காரணம், தொழிலாளர்கள். ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் இருந்து ஏராளமானோர் வந்து திருப்பூரில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் "பதினெட்டு" புரியாது. தமிழ்த் தொழிலாளிக்கு "அட்டாரா" புரியாது. "எய்ட்டீன்" என்றால் இருவருக்கும் புரிகிறது!

ஆகவே, இந்த எண்கள் இன்று எல்லோருக்கும் பொதுவான சொற்கள் ஆகிவிட்டன. சொல் தெரிந்தால் மட்டும் போதுமா? பொருளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கூலியில் குறையும். சரக்கில் நட்டம் வரும். செக்கில் பணம் போகும்.

டஜன் ஏன் 12?

"டஜன்" என்றால் 12. இது எல்லோருக்கும் தெரியும்.

லத்தீன் மொழியில் 12-க்கு "டுவோடெசிம்" என்று பெயர். "இரண்டும் பத்தும்" என்று பொருள். அது பிரெஞ்சு மொழியில் "தூஸ்" ஆகியது. 12 கொண்ட கட்டு "தூஸேன்" ஆகியது. அதுவே ஆங்கிலத்தில் "டஜன்".

கைவிரல்கள் பத்து. அப்படி இருக்க, பத்துப் பத்தாகக் கட்டாமல் ஏன் பன்னிரண்டாகக் கட்டினார்கள்?

பங்கு போடுவதற்காக!

பத்தை இரண்டு பங்காகப் போடலாம். ஐந்து பங்காகப் போடலாம். மூன்று பங்கு கேட்டால் முடியாது. நான்கு பங்கு கேட்டாலும் முடியாது. பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படி வேண்டுமானாலும் மிச்சம் இல்லாமல் பங்கு போடலாம்.

பேக்கிங் பிரிவில் இது தினமும் உதவுகிறது.

"ரேஷியோ ஒன், டூ, டூ, ஒன்" என்று சொல்வார்கள். எஸ் அளவில் 1, எம் அளவில் 2, எல் அளவில் 2, எக்ஸ்.எல். அளவில் 1 என்பது அதன் பொருள். கூட்டினால் 6. அதாவது அரை டஜன். இரண்டு டஜன் பிடிக்கும் அட்டைப் பெட்டியில் இப்படி நான்கு செட் அடங்கும். எஸ் 4, எம் 8, எல் 8, எக்ஸ்.எல். 4. கூட்டிப் பாருங்கள். 24 சரியாக வரும்.

குரோஸ்: ஒரே சொல், மூன்று பொருள்!

பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். அதாவது 144.

பட்டன் வியாபாரத்தில் இந்தச் சொல் வரும். "10 குரோஸ் பட்டன்" என்றால் 1,440 பட்டன்கள். மூன்று பட்டன் வைக்கும் சட்டைக்கு இது 480 சட்டை வரை வரும்.

பிரெஞ்சு மொழியில் "குரோஸ்" என்றால் பெரியது. "பெரிய டஜன்" என்றுதான் 144-க்குப் பெயர் வைத்தார்கள். அதைவிடப் பெரியதும் உண்டு. 12 குரோஸ் சேர்ந்தால் "கிரேட் குரோஸ்". அதில் 1,728 இருக்கும்.

அதே சொல் அட்டைப் பெட்டியின் மேலும் இருக்கும். அங்கே அது எண் அல்ல. "குரோஸ் எடை" என்றால் பெட்டியோடு சேர்த்த எடை. "நெட் எடை" என்றால் உள்ளே இருக்கும் சரக்கின் எடை மட்டும்.

சம்பளச் சீட்டிலும் அதே சொல் வரும். சிலர் அதைக் "கிராஸ்" என்பார்கள். பிடித்தம் போகும் முன் உள்ள மொத்தச் சம்பளம் அது. பிடித்தம் போக கைக்கு வருவது "நெட்".

வேலைக்குச் சேரும்போது, "இவ்வளவு சம்பளம்" என்று சொன்னால், "அது குரோசா, நெட்டா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால், முதல் சம்பளம் வாங்கும் நாளில் ஏமாற்றம்தான்!

எண் ஏறினால் நூல் மெலியும்

எண் பெரிதானால் பொருளும் பெரிதாகும். உலக வழக்கம் இதுதான். ஆனால் நூலில் இது தலைகீழ்!

20 கவுண்ட் நூல் தடிமனானது. 40 கவுண்ட் நூல் மெல்லியது. 60 கவுண்ட் அதைவிட மெல்லியது.

அது எப்படி?

840 கஜ நீளத்துக்குச் சுற்றிய நூலை ஒரு சிட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு பக்கம் ஒரு ராத்தல் எடைக்கல்லை வையுங்கள். ஒரு ராத்தல் என்பது சுமார் 454 கிராம். மறு பக்கம் நூல் சிட்டங்களை வையுங்கள். 20 சிட்டம் வைத்ததும் தராசு சமமானால் அது 20 கவுண்ட். 40 சிட்டம் வைத்தால்தான் சமமாகும் என்றால் அது 40 கவுண்ட்.

நூல் மெலிந்தால்தானே அதிக சிட்டம் பிடிக்கும்? ஆகவேதான் எண் ஏற ஏற நூல் மெலிகிறது.

40 கவுண்ட் நூல் ஒரு ராத்தலில் 33,600 கஜம் இருக்கும். அதாவது 30 கிலோமீட்டருக்கு மேல். திருப்பூரில் இருந்து அவிநாசிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் நூல் மிச்சம் இருக்கும்!

துணிக்கு வேறு கணக்கு. அதற்கு "ஜி.எஸ்.எம்." என்று பெயர். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அது. 180 ஜி.எஸ்.எம். துணி, 140 ஜி.எஸ்.எம். துணியைவிடக் கனமானது. இங்கே எண் ஏறினால் துணி கனக்கும்.

ஒரே கம்பெனியில், ஒரே ஆர்டரில், இந்த இரண்டு கணக்கும் வரும். நூல் வாங்குகிறவருக்கும் துணி வாங்குகிறவருக்கும் இந்த வேற்றுமை தெரிந்திருக்க வேண்டும். மாற்றிப் புரிந்துகொண்டால் கோடைக்குக் கேட்ட சரக்கு குளிர்காலச் சரக்காகிவிடும்.

ஒன் பை ஒன், செகண்ட்ஸ்

துணியின் பெயரிலும் எண் இருக்கிறது.

பனியனின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பாருங்கள். விரிந்து சுருங்கும். அதுதான் ரிப் துணி. அதில் ஒரு வரி மேடு, ஒரு வரி பள்ளம் என்று மாறி மாறி வந்தால் "ஒன் பை ஒன்". இரண்டு வரி மேடு, இரண்டு வரி பள்ளம் என்றால் "டூ பை டூ". எண்ணைக் கேட்டதுமே துணியின் உருவம் கண் முன் வந்துவிடும்.

"ஃபர்ஸ்ட்" என்றால் முதலாவது. "செகண்ட்" என்றால் இரண்டாவது. ஆனால் "செகண்ட்ஸ்" என்றால் திருப்பூரில் வேறு பொருள். சிறு ஓட்டை, கறை, தையல் பிசகு உள்ள சரக்கு அது. முதல் தரத்தில் சேராததால் இரண்டாம் தரம். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் விலை இறங்கிவிடும்.

நேரத்தைச் சொல்லும் "செகண்டும்" இதே சொல்தான்! ஒரு மணி நேரத்தை முதல் தடவை சிறு துண்டுகளாகப் பிரித்தால் நிமிடம். இரண்டாம் தடவை பிரித்தால் செகண்ட். இரண்டாவது பிரிவு என்பதால் அந்தப் பெயர் வந்தது.

தர்ட்டீன் - தர்ட்டி

ஆங்கில எண்களில் மிகவும் ஏமாற்றுகிறவை எவை தெரியுமா?

தர்ட்டீன் - தர்ட்டி. ஃபோர்ட்டீன் - ஃபோர்ட்டி. ஃபிஃப்டீன் - ஃபிஃப்டி. சிக்ஸ்டீன் - சிக்ஸ்டி. இப்படி நைன்ட்டீன், நைன்ட்டி வரை ஏழு இணைகள் உண்டு.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. பதிமூன்று வேறு, முப்பது வேறு. காதில் விழுந்ததும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் கடைசி அசைதான் வேற்றுமை. "டீன்" என்பது பத்தைக் கூட்டு என்று சொல்கிறது. "டி" என்பது அத்தனை பத்து என்று சொல்கிறது. தர்ட்டீன் என்றால் மூன்றும் பத்தும். தர்ட்டி என்றால் மூன்று பத்து.

மெஷின்கள் ஓடும் இரைச்சலில், போனில், இந்த ஓர் அசை காதில் விழாமல் போனால்?

13 டஜன் என்பது 156 பீஸ். 30 டஜன் என்பது 360 பீஸ். வித்தியாசம் 204 பீஸ்! அத்தனை பீசுக்கும் துணி வெட்டியாகிவிடும். தைத்த கூலியும் கொடுத்தாக வேண்டும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எண்ணைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

"அண்ணா, தர்ட்டீன் டஜனுங்களா, தர்ட்டி டஜனுங்களா?"

"ஒன் - த்ரீ, தர்ட்டீன் டஜனுங்க."

இந்த ஒரு கேள்வியில் நட்டம் தப்பிவிடும்.

"லெவன்", "டுவல்வ்" மட்டும் ஏன் "டீன்" என்று முடியவில்லை என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பது உண்டு. பழைய ஆங்கிலத்தில் லெவன் என்றால் "ஒன்று மிச்சம்". பத்து விரலையும் எண்ணிய பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது. டுவல்வ் என்றால் "இரண்டு மிச்சம்". அவ்வளவுதான்!

மில்லியன் எவ்வளவு?

நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். வெளிநாட்டுக்காரர் மில்லியன், பில்லியன் என்று எண்ணுகிறார்.

"மில்லியன்" இத்தாலியில் இருந்து வந்த சொல். "பெரிய ஆயிரம்" என்று பொருள். ஆயிரம் ஆயிரம் சேர்ந்தது ஒரு மில்லியன். நம் கணக்கில் 10 லட்சம்.

ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி.

பில்லியனுக்கு ஒரு கதை உண்டு. முன்பு அமெரிக்காவில் பில்லியன் என்றால் 100 கோடி. இங்கிலாந்தில் பில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி! ஒரே சொல்லுக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம். 1974-ம் ஆண்டில்தான் இங்கிலாந்து அரசாங்கம், "இனி பில்லியன் என்றால் 100 கோடியே" என்று முடிவு செய்தது.

கமா போடும் இடமும் மாறும். நாம் 12,50,000 என்று எழுதுகிறோம். வெளிநாட்டு ஆர்டரில் அதே எண் 1,250,000 என்று இருக்கும். இரண்டும் பன்னிரண்டரை லட்சமே.

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இன்னொரு வழக்கம். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள். தசமத்துக்குக் கமா போடுவார்கள். அந்த ஊர்க்காரர் 1.250 பீஸ் என்று எழுதினால், அது 1,250 பீஸ். 2,45 யூரோ என்று எழுதினால், இரண்டு யூரோ 45 சென்ட். 245 யூரோ அல்ல!

செக்கில் எது செல்லும்?

செக்கில் தொகையை இரண்டு முறை எழுதுகிறார்கள். ஒரு முறை எண்ணால். ஒரு முறை எழுத்தால்.

ஏன்?

எண்ணைத் திருத்துவது எளிது. ஒரு பூஜ்யம் சேர்த்தால் ஆயிரம் பத்தாயிரம் ஆகிவிடும். எழுத்தைத் திருத்துவது எளிது அல்ல.

சரி, எண்ணும் எழுத்தும் வேறு வேறாக இருந்தால்?

1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. அதன் 18-வது பிரிவின்படி, எழுத்தால் எழுதிய தொகையே செல்லும்!

ஒரு காண்டிராக்டர் தைத்துக் கொடுத்த வேலைக்கு 50,000 ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செக்கில் எண் 50,000 என்று சரியாக இருக்கிறது. எழுத்தில் "ஃபிஃப்டி தவுசண்ட்" என்பதற்குப் பதில் "ஃபிஃப்டீன் தவுசண்ட்" என்று இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது 15,000 ரூபாய் செக்! நடைமுறையில் இப்படிப்பட்ட செக்கை வங்கி திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. அப்போது அந்த வாரம் கூலி கொடுக்கப் பணம் இருக்காது.

ஆகவே, செக் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போடக் கூடாது. எழுத்தையும் கூட்டிப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடம் இல்லை.

செக் எழுதுகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. "ஃபோர்" என்ற 4-ல் "யு" என்ற எழுத்து உண்டு. "ஃபோர்ட்டீன்" என்ற 14-லும் உண்டு. "ஃபோர்ட்டி" என்ற 40-ல் கிடையாது!

நூற்றுக்கு எத்தனை?

சம்பளச் சீட்டில் இன்னொரு சொல் இருக்கும். "பெர்சென்ட்."

"சென்ட்" என்பது நூறைக் குறிக்கும். பெர்சென்ட் என்றால் "நூற்றுக்கு". இந்தச் "சென்ட்" பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒரு டாலருக்கு 100 சென்ட். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர். கிரிக்கெட்டில் 100 ரன் எடுத்தால் செஞ்சுரி. பனியனில் 85, 90, 95 என்று போட்டிருக்கும் அளவும் சென்டிமீட்டர்தான். மார்புச் சுற்றளவைச் சொல்வது அது.

வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளி பங்கு 12 பெர்சென்ட். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குத் தொழிலாளி பங்கு, 2019 ஜூலை முதல், 0.75 பெர்சென்ட். அதாவது நூற்றுக்கு முக்கால் ரூபாய்.

பிடித்தத்துக்குக் கணக்கிடும் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், வைப்பு நிதிக்கு 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 90 ரூபாய். சீட்டில் இதைவிட அதிகம் பிடித்திருந்தால், ஏன் என்று கேட்கலாம்.

ஒன்றரை ஷிப்டு

எல்லா எண்களும் ஆங்கிலமாகிவிட்ட திருப்பூரில், ஒரு தமிழ் எண் மட்டும் அசையாமல் நிற்கிறது.

அதுதான் "ஒன்றரை"!

எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்டு. அதற்கு மேல் நான்கு மணி நேரம் பார்த்தால் "ஒன்றரை ஷிப்டு". இதை "ஒன் அண்ட் எ ஹாஃப்" என்று யாரும் சொல்வது இல்லை. கால், அரை, முக்கால், ஒன்றரை என்று ஒரே சொல்லில் சொல்லும் வசதி தமிழுக்கு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு நான்கு சொல் தேவைப்படுகிறது.

ஆனால் இந்த ஒன்றரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்கு கூலி என்பது சட்டம். ஆங்கிலத்தில் "டபுள்". அப்படி நான்கு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால், எட்டு மணி நேரக் கூலி வர வேண்டும். அதாவது, ஒன்றரையின் கடைசி "அரை", கூலியில் "ஒன்று" ஆக வேண்டும்!

"அரை" என்ற சொல் பழகிப்போனதால் இந்த "டபுள்" பலருக்குத் தெரியாமலே போகிறது.

வீட்டிலேயே பள்ளிக்கூடம்

இந்த ஆங்கில எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் புத்தகம் வாங்க வேண்டுமா?

வேண்டியது இல்லை. புத்தகம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ரூபாய் நோட்டை எடுங்கள். அதன் முன் பக்கத்தில் தொகை ஆங்கில எழுத்தில் அச்சாகி இருக்கும். பின் பக்கத்தில் 15 மொழிகளில் அதே தொகை வரிசையாக இருக்கும். அதில் தமிழும் உண்டு.

பத்து ரூபாய் நோட்டில் "டென்". இருபதில் "ட்வென்டி". ஐம்பதில் "ஃபிஃப்டி". நூறில் "ஒன் ஹண்ட்ரட்". இருநூறில் "டூ ஹண்ட்ரட்". ஐந்நூறில் "ஃபைவ் ஹண்ட்ரட்". தமிழைப் படித்துவிட்டு, நோட்டைத் திருப்பி ஆங்கிலத்தைப் பாருங்கள். ஆறு நோட்டுகளில் ஆறு பாடம்!

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து இதைச் செய்யலாம். சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். குரோஸ் எது, நெட் எது, பெர்சென்ட் எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்தால் அப்பாவும் அம்மாவும் கற்றுக்கொள்ளலாம். அவர்களுக்குத் தெரிந்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அடுத்த வாரம் சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது, அதை மடித்து வைக்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் இருப்பது நீங்கள் உழைத்த கணக்கு!